காரணம் எழுதும் கட்டம்

வருகைப்பதிவு அறுபத்தொரு சதவீதம்.
அதைப் பேசத்தான் கூப்பிட்டிருந்தார் நிஷிதா டீச்சர்.
வெள்ளிக்கிழமை, மூன்று நாற்பது.
ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள்கள் பறக்காமலிருக்க
ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு டிபன் பாக்ஸ்.
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
சித்தூர் வரைக்கும் வந்து கதவைச் சாத்தும்.

கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வரும்போதே
மலையாளத்தில் நான்கு வாக்கியம் தயார் செய்திருந்தேன்.
பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம்.
காய்ச்சல் என்றால் சுலபம்: பனி.
அந்த ஒரு சொல்லுக்கு
யாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.
எனக்கிருப்பது பனி இல்லை.

"தாரகேஸ்வரி, எந்தா விஷமம்?"
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் வீட்டில் விஷமம் செய்வது தம்பி,
மீட்டர் பெட்டியை நோண்டி அடி வாங்குபவன்.
இவர் கேட்பது துக்கத்தை.
தெரிந்துதான் சிரித்தேன்.
சிரித்த வாயை மூடுமுன்னே அழுகை வந்து
அதே வாயை எடுத்துக்கொண்டது.
பக்கத்து மேஜையில் சிவப்புப் பேனா நின்றது.

"கரயண்டா" என்றார்.
கரையாதே என்று காதில் விழுந்தது.
வாளிக்குள் விழுந்த சோப்பாக
எட்டு மாதமாய் அதைத்தான் செய்கிறேன், டீச்சர்.

நான்கு வாக்கியமும் எங்கோ போயின.
கைக்குக் கிடைத்ததைச் சொன்னேன்.
நாலு மணிக்குக் கள்ளு வண்டி போகும்வரை
கண் மூடுவதில்லை.
குளியலறையில் வாளி நிறைந்து வழியும்,
ஒரு சொம்பு மொண்டு ஊற்ற
கை வருவதில்லை.
எட்டே காலுக்கு பஸ் வரும்.
கை காட்டினால் நிற்கும்.

"வீட்டில் அறியுமோ?"
அப்பாவுக்கு வாளையாறில் எடைமேடை வேலை.
தார்ப்பாயைப் பார்த்தே
லாரியின் டன்னைச் சொல்லிவிடுவார்.
என்னைப் பார்த்து
"ஒழுங்கா சாப்பிடறதில்ல, இளைச்சிட்டா" என்றார்.
அதுவும் சரியான எடைதான்.

டீச்சர் எழுந்து
என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.
அறை என் முதுகுக்குப் போயிற்று.
வெளியே சோகநாசினி.
துயரைத் துடைப்பவள் என்று பெயர்,
மேலே ஆழியாறில் திறந்தால்தான் தண்ணீர்.
இன்று பாறையும் இரண்டு மாடும்.

அப்புறம் கேட்டார்.
அதை மட்டும் தமிழில் கேட்டார்,
பஸ் போர்டு வாசிக்கிறவர்போல
எழுத்தெழுத்தாய்:
"செத்துப் போகணும்னு தோணுதா?"
யாரிடம் கேட்டுக் கற்றாரோ
அந்தக் கொச்சையை.

இல்லை என்றேன்.
கொஞ்சம் கழித்து,
காணாமப் போகணும்னு தோணும் என்றேன்.
அவர் தலையாட்டவில்லை, எழுதிக்கொள்ளவுமில்லை.
தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார்,
சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தது.

படிவம் எடுத்தார்.
காரணம் என்று ஒரு கட்டம்.
காய்ச்சல், மஞ்சள்காமாலை, விபத்து,
நெருங்கிய உறவினர் மரணம்.
எதற்கும் டிக் போடவில்லை.
"ஞான் டாக்டரல்ல" என்றார்.
செவ்வாய்க்கிழமை ஒரு கவுன்சலர் வருகிறாராம்,
லேப் பின்னால், ஸ்டோர் என்று எழுதிய அறை.
போர்டு இன்னும் மாற்றவில்லையாம்.
தனியாகப் போக வேண்டாம், கூட வருகிறேன் என்றார்,
பத்தரைக்கு அவருக்கு வகுப்பில்லை.

நடுவில் ஒரு பையன் வந்து
இன்டர்னல் மார்க் கேட்டான்.
"பின்னே வா" என்றார்.
அவன் என் முகத்தைப் பார்த்தான், போனான்.
திங்கட்கிழமை வகுப்பு முழுக்கத் தெரிந்திருக்கும்.
தெரியட்டும் என்று தோன்றவில்லை.
பயமாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது என் பஸ் பாஸின் பின்பக்கம்
தன் நம்பரை எழுதித் தந்தார்.
ராத்திரி எப்போதானாலும் என்றார்.

இப்போது ராத்திரி, மூன்று பத்து.
தம்பி கால்மேல் கால் போட்டுத் தூங்குகிறான்.
பாஸை விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறேன்:
கடைசிக்கு முந்தின எண்
ஏழா, ஒன்றா.
முதலில் ஏழு போட்டுப் பார்க்கலாம்.
தப்பாகப் போனால்
யாரோ ஒருவர் தூக்கத்தில் ஹலோ என்பார்.
மன்னிக்கணும், ராங் நம்பர் என்று
இரண்டு மொழியிலும் சொல்ல எனக்குத் தெரியும்.